ஏற்காட்டில் ஒரு வீட்டு வானிலைக் கருவி: திருத்திய பிறகே நம்பலாம்

காப்பித் தோட்டத்தை ஒட்டிய எங்கள் வீட்டில் இந்தக் கருவியைப் பொருத்தி ஓராண்டு ஆகிறது. உணரிகள் நல்லவைதாம், ஆனால் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் அவை காட்டும் எண்களை அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது.

முதலில் மழைமானியைச் சோதித்தேன். அதன் புனல் வாயின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் என்பதால், 100 மில்லிலிட்டர் தண்ணீர் ஊற்றினால் 10 மில்லிமீட்டர் மழை பதிவாக வேண்டும். மூடியில் ஊசித்துளையிட்ட புட்டியைக் கவிழ்த்துச் சொட்டுச் சொட்டாக இறக்கியபோது, உள்ளே தண்ணீர் நிறைந்ததும் சாய்ந்து மழையை அளக்கும் சிறு வாளி மாறி மாறிச் சாய்ந்தும் திரையில் 8.4 மட்டுமே வந்தது. மூன்று முறையும் ஏறத்தாழ அதே அளவுதான். பெருக்கல் காரணியை 1.19 ஆக மாற்றிய பின் கணக்கு சரியானது. வேகமாக ஊற்றிச் சோதித்தால் வாளி தண்ணீரைத் தவறவிடும், பொறுமை அவசியம்.

ஈரப்பத உணரியை, ஈரமாக்கிய கல்லுப்பு வைத்த மூடியுடன் காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு முழுவதும் வைத்தேன். ஈர உப்பு உள்ள மூடிய டப்பாவில் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிலைக்கும். அதைக் காட்ட வேண்டிய இடத்தில் 81 இருந்தது, ஆறைக் கழித்தேன்.

காற்றழுத்தம் 850 ஹெக்டோபாஸ்கல் அளவில் நிற்பதைக் கண்டு பழுதென்று எண்ண வேண்டாம். சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்கு அது இயல்பே. கடல்மட்ட அளவுக்கான திருத்தத்தைத் தனியே உள்ளிட வேண்டும். கையேட்டில் இதற்கு ஒரே ஒரு வரி ஒதுக்கியிருப்பது பெருங்குறை.

வெப்பமானியைச் சிமெண்டுத் தளத்திலிருந்து புல்தரைக்கு மாற்றியதும் நண்பகலில் வெப்பத்தை மிகையாகக் காட்டியது நின்றது.