பள்ளிப் பருவத்து நினைவைக் காட்டி விற்கப்படும் போலி மடக்குக் கத்தி

பல கருவிகள் அடங்கிய சிவப்பு மடக்குக் கத்தியை ‘அசல் சுவிஸ் ராணுவத் தயாரிப்பு’ என்று சொல்லி 1,799 ரூபாய் தள்ளுபடி விலைக்குத் தரும் இணையக் கடைகளில் வாங்க நினைப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுவது நல்லது. அந்த விலைக்கு எனக்கு வந்து சேர்ந்தது முழுப் போலி.

விளம்பரத்தின் தலைப்பு ‘உங்கள் பள்ளிப் பருவத்துக் கத்தி’. எங்கள் பள்ளிப் பருவத்துக் கத்தியில் சுவிட்சர்லாந்து எங்கே இருந்தது? திருவிழாக் கடைகளில் வளையலுக்கும் ஊதலுக்கும் நடுவே, பத்துப் பதினைந்து ரூபாய்க்குக் கிடைத்த பேனாக்கத்தி அது. பிளாஸ்டிக் பிடி, மெல்லிய அலகு, சோடா மூடி திறக்கும் கொக்கி, நகம் தேய்க்கும் அரம், இவற்றோடு எதற்கென்றே விளங்காத ஒரு சுருள் கம்பியும் இருக்கும் (அது மதுப்புட்டியின் தக்கையைப் பிடுங்குவதற்கானது என்பதைப் பெரியவர்கள் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை). உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டுத் தின்ன மாங்காயை நறுக்கினால், புளிப்புப் பட்ட அலகு மறுநாளே கறுத்துவிடும். வாசற்படிக் கல்லில் தீட்டி மறுபடியும் கால்சட்டைப் பையில் போட்டுக்கொள்வோம். ஆனால் அதை விற்றவர் எந்த நாட்டின் பெயரையும் சொல்லி விற்கவில்லை. கொடுத்த காசுக்கு என்ன கிடைக்கும் என்பது வாங்கிய சிறுவனுக்கும் தெரிந்தே இருந்தது.

இப்போது வந்ததோ, ஏறக்குறைய அதே தரத்துக் கத்தி, வெள்ளைச் சிலுவை அச்சிட்ட பெட்டிக்குள். பிடியிலிருந்த சிலுவை நகத்தால் சுரண்டியதும் உதிர்ந்தது. கத்தியை விளக்குக்கு நேரே பிடித்தால் தகடுகளின் இடைவெளியில் வெளிச்சம் தெரிகிறது. கத்தரிக்கோலின் இரு அலகுகளும் ஒன்றையொன்று தொடாததால், நூலை மடித்து உள்ளே இழுத்துக்கொள்கிறதே தவிர வெட்டுவதில்லை. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், ஸ்பிரிங்கைப் பொறுத்துக்கொள்ள முடியாது. நல்ல மடக்குக் கத்தியில் அலகு முழுதாகத் திறந்ததும் முதுகுப்புற ஸ்பிரிங் ‘டக்’கென்று அதை அழுத்திப் பிடிக்கும். இதிலோ, பார்சல் கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தபோதே அலகு தளர்ந்து விரலின் மேல் மடங்கியது. காயம் சிறியதுதான், ஆனால் பழைய ஆசையில் இதைத் தம் பிள்ளைகளுக்குப் பரிசாக வாங்குவோர் இதை அவசியம் கவனிக்க வேண்டும்.

புகார் செய்தபோது, ‘இது சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி வழங்கும் இன்னொரு நிறுவனத்தின் சரக்கு’ என்று விற்பனையாளர் விளக்கம் எழுதினார். அது நிற்காது. கார்ல் எல்சனர் 1884-இல் சுவிட்சர்லாந்தின் இபாக் என்ற ஊரில் தொடங்கிய பட்டறைதான், 1897-இல் ராணுவ அதிகாரிகளுக்கான கத்தியைப் பதிவு செய்து, பின்னர் அவருடைய தாயார் விக்டோரியாவின் பெயரோடு துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் ‘இனாக்ஸ்’ சேர்ந்து விக்டோரினாக்ஸ் ஆனது. நெடுங்காலம் அதற்கு இணையாக ராணுவத்துக்குக் கத்தி வழங்கிய வெங்கர் நிறுவனத்தையும் 2005-இல் அதுவே வாங்கிவிட்டது. அசல் விக்டோரினாக்ஸ் கத்தியில், பெரிய அலகு பிடியோடு சேரும் அடிப்பகுதியில் நிறுவனத்தின் பெயரும் ‘சுவிஸ் மேட்’ என்ற சொற்களும் பொறிக்கப்பட்டிருக்கும். என் கத்தியின் அந்த இடத்தில் ‘ஸ்டெயின்லெஸ்’ என்ற ஒற்றைச் சொல் மட்டுமே இருந்தது. சிவப்புப் பிடியுள்ள வழக்கமான 91 மி.மீ. கத்தியில் சிலுவைச் சின்னம் உலோகத்தில் பதிக்கப்பட்டிருக்கும், சுரண்டினால் உதிராது. வாங்குமுன் இந்த இரண்டு இடங்களின் நெருக்கப் படத்தைக் கேளுங்கள். அனுப்பத் தயங்கும் கடையை விட்டு விலகிவிடுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பெட்டியைத் தூக்கி எறியாமல், விளம்பரப் பக்கத்தையும் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, இணைய வணிகத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலர் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். நான் அவருக்கு எழுதியதோடு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிவு செய்தேன். அதுவரை ‘திரும்பப் பெறும் காலம் முடிந்துவிட்டது’ என்று பல்லவி பாடிக்கொண்டிருந்தவர்கள், அதன் பிறகு அனுப்புகைக் கட்டணம் நீங்கலாக மீதிப் பணத்தைத் திருப்பித் தந்தார்கள். விற்பனையாளரின் பக்கம் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அதே படமும் அதே தலைப்பும் வேறொரு கடைப் பெயரில், நூறு ரூபாய் குறைத்து, இப்போதும் விற்பனையில் இருக்கின்றன.