விடுப்புக்குள் பல் வேலை: மருத்துவர் போட்ட கணக்கு

விடுப்பில் ஊருக்கு வருகிறவர்களுக்குப் பல் வேலை என்றாலே அவசரம்தான். பிடுங்குவதைப் பிடுங்கி, இம்ப்ளான்ட்டையும் (தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானியம் செயற்கைப் பல் வேர்) வைத்துக்கொண்டு விமானம் ஏறிவிட வேண்டும். மச்சானும் அந்தக் கணக்கோடுதான் வந்திருந்தார். நான் துணைக்குப் போனேன்.

எக்ஸ்ரேயைப் பார்ப்பதற்கு முன்பே மருத்துவர் கேட்டது, "ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்?"

மச்சான் மழுப்பினார். "ஈறில் ஒரு நாளும் ரத்தம் வந்ததில்லை டாக்டர்" என்று பெருமை வேறு. புகைப்பவர்களுக்கு ஈறு நோய் முற்றியிருந்தாலும் ரத்தக் கசிவு குறைவாகத்தான் தெரியுமாம். மெல்லிய அளவுகோலை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இறக்கி, அது எவ்வளவு ஆழம் போகிறது என்று கண்ணாடியில் காட்டினார். மச்சான் பேச்சு நின்றது.

பிடுங்கிய குழியில் ரத்தம் உறைந்து மூடிபோல நிற்க வேண்டும். அதற்கடியில்தான் புண் ஆறும். புகையை இழுக்கும் இழுப்பிலேயே அந்த ரத்தக் கட்டி பெயரலாம். போதாததற்கு நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கட்டி போனால் எலும்பு வெளியே தெரியும். அந்த வலி பெரும்பாலும் 1 முதல் 3 நாள் கழித்துத்தான் தொடங்கி, காதுவரை இழுக்கும். அதற்குள் விமானம் ஏறியிருந்தால் யாரிடம் போய்க் காட்டுவது?

வேப், அதாவது மின் சிகரெட், பிடித்தால் பரவாயில்லையா என்று மச்சான் கேட்டுப் பார்த்தார். அதிலும் நிகோடின்தான், அதே இழுப்புதான். தோலில் ஒட்டும் நிகோடின் பட்டையில் புகையும் இழுப்பும் இல்லை என்பதால் அதைப் பற்றித் தனியாகப் பேசலாம் என்றார்.

இம்ப்ளான்ட் விஷயத்தில் அவர் மசியவே இல்லை. டைட்டானியத்தோடு எலும்பு சேர 3 முதல் 6 மாதம் ஆகும், புகைப்பவர்களுக்கு அது தோற்கும் வாய்ப்பு ஏறக்குறைய இருமடங்கு. முன்னால் 2 வாரம், பின்னால் 8 வாரமாவது சிகரெட்டைத் தொடக் கூடாது. ஆகவே இப்போது பிடுங்குவது மட்டும். வரும்படியைத் தள்ளிப்போட்ட அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

ஒரே குறை, கையில் கொடுத்த தாளில் புகை பற்றிய வரி கடைசியில் கிடந்தது. வரவேற்பிலிருந்த பெண் மற்றதையெல்லாம் படித்துச் சொன்னார், அதை விட்டுவிட்டார்.

"அடுத்த முறை டிக்கெட் போடும்போதே நிறுத்திடுங்க. இங்க வந்து 'நேத்துதான் விட்டேன்'னு சொல்லாதீங்க" என்றார் மருத்துவர். மச்சான் தலையாட்டினார். அக்கா தேதியைத் தன் போனில் குறித்துக்கொண்டாள்.