பைலட் மெடிக்கல் வாங்கித் தருகிறேன் என்பவரிடம் பணம் கட்டும் முன்

டாலஸில் ஐ.டி. வேலை எனக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சின்ன செஸ்னாவை எடுத்து ஊரை ஒரு சுற்று சுற்றி வர வேண்டும், ஆசை அவ்வளவுதான். அதற்கு பிரைவேட் பைலட் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸுக்கு, அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் மூன்றாம் வகுப்பு மெடிக்கல், அதாவது உடல்தகுதிச் சான்றிதழ் வேண்டும்.

அங்கேதான் எனக்கு ஒரு முடிச்சு. 2021இல் அப்பா கோவிட்டில் போனார். திருச்சியிலேயே தங்கி வேலை பார்த்த அந்த மாதங்களில் தூக்கமே இல்லை. ஒரு மனநல மருத்துவரைப் பார்த்து ஒன்பது மாதம் செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை சாப்பிட்டேன். 2022இல் அவரே நிறுத்தச் சொன்னார். அதன்பிறகு ஒரு தொந்தரவும் இல்லை.

இந்த ஆண்டு பொங்கல் விழாவில் ஒருவர் அறிமுகமானார். நம்மூர்க்காரர், நன்றாகப் பேசுவார். பைலட் மெடிக்கல் கன்சல்டண்ட் என்றார். 1,800 டாலர், "மெடிக்கல் கையில வர்ற வரைக்கும் என் பொறுப்பு தம்பி" என்றார். ரசீது கேட்கத் தோன்றவில்லை. நம்ம ஆள் என்றால் நமக்கு வரும் கூச்சம் அது.

மெட்எக்ஸ்பிரஸ் என்ற இணையதளத்தில்தான் விண்ணப்பம். அதில் 18-எம் கேள்வி, மனநலப் பிரச்சினை ஏதாவது வாழ்நாளில் எப்போதாவது இருந்ததா என்று கேட்கும். "இல்லைன்னு போடுங்க. திருச்சியில பார்த்த வைத்தியம் இவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். விண்ணப்பத்திலேயே எச்சரிக்கை இருக்கிறது: பொய் சொன்னால் 2,50,000 டாலர் வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை. "அண்ணே, அது மட்டும் முடியாது" என்றேன். முகம் சுருங்கியது. அப்புறம், "சரி, ஆமான்னே போடுங்க, பேப்பரெல்லாம் இப்ப வேண்டாம், நான் பார்த்துக்கறேன்" என்றார்.

அவரே என் பெயரில் நிரப்பினார், தன் மின்னஞ்சலையும் தன் தபால் பெட்டி எண்ணையும் போட்டு. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கையாண்டால் வேலை சீக்கிரம் முடியும் என்றுதான் நினைத்தேன்.

அவர் என்னை ஒரு ஏ.எம்.இ.யிடம், அதாவது எஃப்.ஏ.ஏ. அங்கீகரித்த மருத்துவரிடம் அனுப்பிவைத்தார். அந்த மருத்துவர் விண்ணப்ப எண்ணைக் கணினியில் தட்டினார், கண், காது, ரத்த அழுத்தம் பார்த்தார், 18-எம்முக்கு வந்ததும் "ஆவணம் எங்கே?" என்றார். என்னிடம் ஒன்றும் இல்லை. முடிவை ஓக்லஹோமா சிட்டியில் இருக்கும் எஃப்.ஏ.ஏ. மருத்துவப் பிரிவுக்குத் தள்ளிவிட்டார். அங்கிருந்து ஆவணம் கேட்டு ஒரு கடிதம் வந்திருக்கிறது, 60 நாள் கெடுவோடு. எனக்கு அல்ல, அந்தத் தபால் பெட்டிக்கு. நான் கேட்கும்போதெல்லாம் "ப்ராசஸ்ல இருக்கு தம்பி." கெடு முடிந்தது. கேட்டதைக் கொடுக்கவில்லை என்று மெடிக்கல் மறுக்கப்பட்டது. அந்தக் கடிதத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தார், கூடவே ஒரு கும்பிடு.

அதன்பிறகுதான் மனநல வழக்குகளைப் பார்க்கும் ஹிம்ஸ் என்ற சிறப்புப் பயிற்சி பெற்ற ஒரு ஏ.எம்.இ.யிடம் போனேன். அவர் சொன்னதைக் கேட்டு வயிறு எரிந்தது. விண்ணப்ப எண்ணைக் கொடுக்காமலே முதலில் ஆலோசனைக்கு மட்டும் வரலாமாம். எண்ணை மருத்துவர் கணினியில் ஏற்றும் வரை அது வெறும் படிவம்தான். ஏற்றிவிட்டால் கொடுப்பது, மறுப்பது, மேலே தள்ளுவது, இந்த மூன்றில் ஒன்றுதான் நடக்கும். மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கே 2010 முதல் வழி இருக்கிறது: செர்ட்ராலின் உட்பட நான்கு மருந்துகளை அன்றே அனுமதித்தார்கள், ஆனால் பரிசோதனையும் செலவும் அதிகம். சிக்கலில்லாமல் மருந்தை நிறுத்திப் பல காலம் ஆனவர்களுக்கு, காகிதங்கள் சரியாக இருந்தால் ஏ.எம்.இ.யே முடிவெடுக்கவும் 2024இல் வழி செய்திருக்கிறார்கள். என் வழக்கு அதில் அடங்கியிருக்கலாம் என்றார்.

இன்னொன்றும் சொன்னார். மெடிக்கலுக்கே விண்ணப்பிக்காமல் இருந்திருந்தால், உடம்பு சரியாக இருக்கிற பட்சத்தில், ஸ்போர்ட் பைலட்டாக ஓட்டுநர் உரிமத்தை வைத்தே சின்ன விமானம் ஓட்டியிருக்கலாம். கடைசியாகப் போட்ட விண்ணப்பம் மறுக்கப்பட்டவர்களுக்கு அந்தக் கதவும் கிடையாது. 1,800 டாலர் கொடுத்து நான் வாங்கியது அந்த மறுப்பைத்தான்.

அவசரமாக ஊருக்கு போன் போட்டேன். நம்மூரில் நோயாளியின் நோட்டு நோயாளியிடம்தானே இருக்கும்? அம்மா பீரோவைக் குடைந்து, ரேஷன் கார்டு இருந்த மஞ்சப்பைக்குள்ளிருந்து அதை எடுத்தார். ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து அனுப்பினார், ஓரத்தில் அவர் கட்டைவிரலோடு. மருத்துவரின் கையெழுத்து எனக்கே புரியவில்லை. என்ன நோய், எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எப்போது தொடங்கி எப்போது நிறுத்தியது, இப்போது எப்படி இருக்கிறேன் என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த கடிதம் ஒன்றை அவரிடம் கேட்டோம். இரண்டே நாளில் கொடுத்தார், காசு வாங்கவில்லை. ஆரம்பத்திலேயே கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார்.

கன்சல்டண்டிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "ப்ராசஸ் நடந்துச்சுல்ல தம்பி, அதுக்குத்தான் காசு." அதற்குமேல் பதில் இல்லை, நீல டிக் மட்டும் விழுகிறது.

போன வாரம் எல்லாக் காகிதத்தையும் சேர்த்து, மறுபரிசீலனை கேட்டு ஓக்லஹோமாவுக்கு நானே அனுப்பினேன். பதில் என் வீட்டு முகவரிக்கு வரும்.