பழைய வால்வு வாங்குகிறவர்கள் கவனம்: என் 7,400 ரூபாய் போச்சு

நேற்று ராத்திரி மீட்டர் வைத்துப் பார்த்ததிலிருந்து வயிறு எரிகிறது. ஆம்ப்ளிஃபயரில் மாட்டுகிற கண்ணாடிக் குழல் வால்வு, இரண்டே இரண்டு, 7,400 ரூபாய்.

நானே கட்டிய இஎல்34 வால்வு ஆம்ப். இஎல்34-க்கு முன்னால் சிக்னலைப் பெருக்கிக் கொடுக்கிற டிரைவர் ஸ்டேஜில் 12ஏஎக்ஸ்7 என்கிற வால்வு இருந்தது. அதன் பெருக்கம் 100. வால்யூமைத் தொட்டாலே அலறும். 20 போதும் என்று, அந்த அளவு பெருக்கமுள்ள 6எஸ்என்7 வால்வுக்கு மாற நினைத்தேன். அதன் ஹீட்டர் (உள்ளே சூடேற்றுகிற இழை) 0.6 ஆம்பியர் கேட்கும். அதற்காகவே கோவை கணபதியில் பம்ப் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற அண்ணனிடம் டிரான்ஸ்ஃபார்மரைக் கொடுத்துத் திரும்பச் சுற்றி வாங்கினேன். எட்டுக்கால் சாக்கெட்டுக்கு சேசிஸில் ஓட்டையும் போட்டாயிற்று.

பழைய சாமான் விற்கிற ஆப் ஒன்றில்தான் அந்த ஆளைப் பிடித்தேன். “ஏனுங்ணா, நானும் பெருந்துறைப் பக்கந்தானுங்க. நம்மூர்க்காரங்களுக்கு மோசம் பண்ணுவனுங்களா?” என்றான். வால்வு டெஸ்டரில் முள் பச்சைக்குப் போகிற வீடியோவும் வந்தது. வீடியோவைவிட அந்த ‘ங்ணா’வில்தான் விழுந்தேன். முழுப் பணத்தையும் முன்னாலேயே போட்டுவிட்டேன்.

மாட்டினால் பாதி வால்யூமுக்கே கரகரப்பு. வால்வின் பிளேட் முனையில் 145 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 225. என் சால்டரிங் மேல்தான் சந்தேகப்பட்டேன், ரெசிஸ்டரை மாற்றினேன், இரண்டு நாள் போனது. கடைசியில் ஹீட்டர் கரண்டை அளந்தால் 0.3 ஆம்பியர். இரண்டிலும் அதே கணக்கு. அது 6எஸ்என்7 இல்லை, 6எஸ்எல்7 என்கிற வேறு வால்வு! கால் வரிசை ஒன்றேதான், அதனால் சாக்கெட்டில் சமர்த்தாக உட்கார்ந்துகொள்கிறது. பெருக்கம் மட்டும் 70. ஈரத்துணி வைத்ததும் மேலே இருந்த எழுத்தும் கையோடு வந்தது. (அசல் பழைய வால்விலும் எழுத்து அழியும், அதை மட்டும் நம்பாதீர்கள்.)

போன் போட்டேன். “நூறு மணி நேரம் ஓடட்டுங்ணா, செட் ஆயிரும்.” ஹீட்டர் கரண்ட் எங்கே செட் ஆகும்? மறுபடி கேட்டதற்கு, “உங்க சர்க்யூட்லதானுங்க கோளாறு.” மீட்டர் போட்டோ அனுப்பினேன், பார்த்துவிட்டுப் பதிலே இல்லை. ஆப்காரர்களோ, பணம் எங்கள் வழியாகப் போகவில்லை, நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டார்கள். 7,400 ரூபாய்!

விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான் வருகிறது. பணம் போடுமுன் ஹீட்டர் கரண்டை மீட்டரில் காட்டச் சொல்லுங்கள். டெஸ்டர் முள்ளை நம்பாதீர்கள். முடிந்தால் பஸ் ஏறி நேரில் போய் வாங்குங்கள். ஏமாந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள், நான் இரண்டு நாள் தாமதம்.

இன்று காலை பார்த்தேன். அதே போட்டோ, அதே ஆப், விலை மட்டும் 6,900.