எச்-1பியா, எல்-1ஆ?

தண்டையார்பேட்டை, வியாசர்பாடியிலிருந்து ஓஎம்ஆருக்கு ஓடும் ஐடிக்காரர்களுக்கு, அமெரிக்கா என்றால் பெரும்பாலும் இந்த இரண்டு வேலை விசாக்களில் ஒன்றுதான்.

எச்-1பிக்கு ஆண்டு வரம்பு 65,000. அமெரிக்காவில் முதுகலை முடித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000. மார்ச்சில் கம்பெனி பதிவு செய்து, தேர்வானால்தான் மனு. 2025 செப்டம்பர் 21 முதல், வெளிநாட்டில் இருப்பவருக்கான புதிய மனுவுக்கு 1,00,000 டாலர் வேறு. எந்தச் சின்ன கம்பெனி கட்டும்?

எல்-1 என்பது ஒரே நிறுவனத்துக்குள் வெளிநாட்டிலிருந்து அமெரிக்காவுக்கு மாற்றலாகிப் போவதற்கு; அதற்கு வரம்பில்லை. கடந்த 3 ஆண்டுகளில் தொடர்ந்து ஓராண்டு அதே நிறுவனத்தின் வெளிநாட்டுக் கிளையில் வேலை பார்த்திருக்க வேண்டும். நிறுவனத்தின் நுணுக்கம் தெரிந்த ஊழியருக்கான எல்-1பி மனு அடிவாங்குவது ‘சிறப்பு அறிவு’ என்ற இடத்தில். ஜாவா தெரியும் என்றால் செல்லாது. நிறுவனத்தின் சொந்த மென்பொருளில், வெளியாள் சுலபத்தில் பிடிக்க முடியாத பகுதி எது, அதை எத்தனை மாதம் பழகினார் என்று கடிதத்தில் விவரமாக இருக்க வேண்டும்.

அமெரிக்கரின் வேலைக்கு எது ஆபத்து? எச்-1பியில் அந்த வட்டாரத்தில் அதே வேலைக்குக் கொடுக்கும் சம்பளம் கட்டாயம்; ஆனால் 4 படிகளில் முதல் படி, 100 பேரைச் சம்பளப்படி நிறுத்தினால் அடியிலிருந்து 17-வது ஆள் வாங்குவதுதான். அங்கே புலம்பல் இதற்கே. எல்-1இல் அந்தப் படிகூட இல்லை. என் கணக்கில் பெரிய ஓட்டை இதுதான். வாடிக்கையாளர் அலுவலகத்தில் வெறும் ஆள் சப்ளையாக உட்கார வைப்பதை மட்டும் 2004 சட்டம் தடுக்கிறது.

எல்-1இல் கம்பெனி மாற முடியாது. கணவன் அல்லது மனைவிக்கு உடனே வேலை அனுமதி உண்டு.