காற்றாலையா, சோலாரா: நிலக்கரியை எது அதிகம் குறைக்கும்?

ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழி வழியாக நாகர்கோவிலுக்கு பஸ்ஸில் போனால் ஜன்னலோரம் உட்கார முடியாது. கணவாய்க் காற்று முகத்தில் அறையும். அதே சாலையில் மார்ச் மாதம் போனால் முப்பந்தல் காற்றாலைகளில் பல சும்மா நிற்கும்.

சோலாருக்கு இந்தப் பருவத் தகராறு குறைவு. கமுதியில் 2016-ல் வந்த 648 மெகாவாட் நிலையம் வருஷம் முழுக்கக் காலையில் ஏறி மாலையில் இறங்குகிறது. நிறுவுவது சுலபம், செலவும் மலிவு. ஆனால் ஏழு மணிக்கு வீடுகளில் விளக்கும் ஏசியும் ஓட ஆரம்பிக்கும்போது அது கடையைச் சாத்திவிட்டிருக்கும். அப்புறம் பெரும்பாலும் நிலக்கரிதான்.

தோராயமாகக் கணக்குப் போட்டால், ஒரு மெகாவாட் சோலார் வருஷத்துக்குச் சுமார் 16 லட்சம் யூனிட் தரும். நல்ல இடத்தில் நிற்கும் உயரமான புதுக் காற்றாலை, மெகாவாட்டுக்கு 26 லட்சம். நிலக்கரியில் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. அப்படியென்றால் சோலார் தவிர்ப்பது 1,600 டன், காற்றாலை 2,600 டன். காற்று ராத்திரியும் வீசும். கரியை மட்டும் பார்த்தால் என் ஓட்டு காற்றாலைக்கு.

தொழில் பக்கம் வந்தால் கதை கொஞ்சம் சிக்கல். கொங்கு வட்டார மில்காரர்கள் காற்றாலை போட்டது சூழல் பாசத்தால் அல்ல. கரண்ட் பில்லும், இயந்திரத்தின் தேய்மானத்தை வருமானத்தில் கழித்துக் காட்டிப் பெற்ற வரிச் சலுகையும்தான் காரணம். சீசனில் உற்பத்தியானதை மின்வாரியக் கணக்கில் 'பேங்கிங்' செய்து, காற்றில்லாத மாதங்களில் எடுத்துக்கொண்டார்கள். மில்லுக்கு லாபம். வாரியமோ அந்த மாதங்களில் அனல் மின்சாரத்தைத் தேடி ஓட வேண்டும்.

2024 மே 2-ல் தமிழகத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. காற்று சீசன் சூடுபிடிக்காத நேரம் அது. அன்றைய பகல் வெயிலில் கைகொடுக்கக்கூடியது சோலார்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேவை இந்த வேகத்தில் ஏறினால், புதிதாக வரும் இரண்டுமே கூடுதல் தேவைக்கே சரியாகிவிடும். யூனிட்டுக்கான கார்பன் குறையும், மொத்தப் புகை இறங்காது.

இதில் எரிச்சலூட்டுவது ஒன்று உண்டு. முப்பந்தலின் அருமையான காற்றுத் தடத்தில் இன்னும் 225, 250 கிலோவாட் பழைய குட்டி ஆலைகள் இடம்பிடித்து நிற்கின்றன. இப்போது வரும் ஒரே இயந்திரம் 2,000 கிலோவாட்டுக்கு மேல். மாற்றலாம்தான், ஆனால் பெரிய இறக்கைக்கு இடைவெளி அதிகம் வேண்டும், பக்கத்துப் பக்கத்து ஆலைகளுக்கோ ஆளுக்கொரு முதலாளி.