எள்ளுவோடு ஐந்து வருடம்: எது தேறியது, எது தேறவில்லை

என் லெப்பர்ட் கெக்கோ பல்லி எள்ளு வந்த அன்று எடை 11 கிராம். போன ஞாயிற்றுக்கிழமை 67. தராசு சமையலறைத் தராசு என்று சொல்லித்தான் விற்றார்கள். ஆனால் அது சமையலறைப் பக்கம் போனதே இல்லை. இந்தப் பல்லிகளின் உடம்பில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், அதனால் எள்ளுவைத் தொட்டவை எல்லாம் தனி அலமாரியில் கிடக்கின்றன.

லெப்பர்ட் கெக்கோ வளர்க்கிறேன் என்றால் "சுவர்ப்பல்லியையா?" என்று கேட்பார்கள். சுவரில் ஏறத் தெரியாத பல்லி இது. ஒட்டிக்கொள்ளும் பாதம் கிடையாது, நகம் மட்டுமே. கண்ணுக்கு இமை உண்டு. தூங்கும்போது மூடும், எரிச்சலானால் அரைக்கண்ணால் பார்க்கும். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா பக்கத்துக் கல்லும் புல்லுமான வறண்ட நிலம் இதன் பூர்வீகம். பகலில் கல்லிடுக்கில் கிடந்துவிட்டு அந்தி சாய்ந்ததும் வெளியே வரும். இந்த ஒரு வரியை மட்டும் முதலிலேயே ஒழுங்காக யோசித்திருந்தால் நான் வாங்கிய சாமான்களில் பாதி மிச்சமாகியிருக்கும்.

முதல் தொட்டி 45 சென்டிமீட்டர் நீளம், மேலே மூடி. "குட்டிக்குப் பெரிய இடம் பயமாக இருக்கும்" என்று விற்றவர் சொன்னதை நம்பினேன். பயந்தது என்னவோ என் கையைப் பார்த்துத்தான். மேலிருந்து இறங்கும் எதுவும் அதற்குப் பருந்து மாதிரி. இப்போது இருப்பது 90-க்கு 45-க்கு 45, முன்பக்கம் கதவு. கை பக்கவாட்டில் போவதால் ஒரு மாதத்திலேயே ஓடி ஒளிவது நின்றுவிட்டது. நீளம் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம், ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளுமையாகவும் இருக்க வேண்டும். சின்னத் தொட்டியில் இரண்டும் கலந்து முழுக்க ஒரே வெதுவெதுப்பாகிவிடும். பல்லிக்குத் தேர்ந்தெடுக்க ஒன்றும் மிஞ்சாது.

அடுத்தது சூடு. இதில்தான் நான் அதிகம் சொதப்பினேன். தொட்டியோடு கொடுத்த ஹீட் மேட்டை (மின்சாரத்தில் சூடாகும் தட்டை விரிப்பு) அடியில் ஒட்டி, நேராக ப்ளக்கில் செருகிவிட்டேன். கண்ணாடிச் சுவரில் ஒட்டும் வட்டமான தெர்மாமீட்டர் 29 டிகிரி என்றது, நிம்மதி. ஆனால் எள்ளு சூட்டுப் பக்கம் போவதே இல்லை. இரவும் பகலும் குளிர் மூலையில் கிடந்தது, சாப்பாடும் குறைந்தது. இரண்டு வாரம் கழித்து அகச்சிவப்பு தெர்மாமீட்டரைக் கடன் வாங்கித் தரையில் காட்டினேன். 43 டிகிரி! சுவரில் ஒட்டியது காற்றைத்தான் அளந்திருக்கிறது. பல்லி படுப்பது தரையில். சாப்பிட்டது செரிக்க வயிற்றுக்கு அடியில் சூடு வேண்டும். அந்தத் தரையோ வயிற்றையே சுட்டிருக்கும்.

சூட்டைப் பார்த்து மேட்டைத் தானாக ஓட்டி நிறுத்தும் தெர்மோஸ்டாட் வந்தது அதற்கப்புறம்தான். அதை 32-ல் வைத்திருக்கிறேன். சூட்டுப் பொந்தின் தரை 32 முதல் 34 வரை, குளிர்ப் பக்கம் 24, 25. இரவில் 20 வரை இறங்கினாலும் கவலைப்படுவதில்லை. தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட் மேட் போடுவது, ஆள் இல்லாத வீட்டில் அடுப்பை எரியவிட்டுப் போவது மாதிரி. தெர்மோஸ்டாட் இருந்தாலும் சூட்டை அளக்கும் அதன் உணரி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இரண்டாம் வருடம் எள்ளு தோண்டியதில் உணரி இடம் பெயர்ந்து குளிர்ப் பக்கம் வந்துவிட்டது. "இன்னும் சூடாகவில்லையே" என்று தெர்மோஸ்டாட் மேட்டை விடாமல் ஓட்டியிருக்கிறது. நல்ல வேளை, காலையில் கவனித்தேன். அன்றிலிருந்து உணரியைத் தரை ஓட்டுக்கு அடியில் சூட்டுப் பசை வைத்துப் பொருத்தியிருக்கிறேன். தொட்டிக்குள் ஒட்டும் டேப் மட்டும் வேண்டாம். பல்லித் தோல் அதில் ஒட்டினால் பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

இரவில் பார்க்கலாம் என்று வாங்கிய சிவப்பு பல்பு மூன்றே மாதத்தில் அட்டைப்பெட்டிக்குப் போனது. அந்த வெளிச்சம் அதற்குத் தெரியாது என்கிறார்கள், எள்ளுவோ பல்பு எரிந்த இரவுகளில் வெளியே வரவே இல்லை. இப்போது இரவில் முழு இருட்டு. பகலுக்கு மட்டும் குறைந்த அளவு யுவிபி (உடம்பில் வைட்டமின் டி3 உருவாக உதவும் புறஊதாக் கதிர்) தரும் குழல் விளக்கு, 12 மணி நேரம். இது இல்லாமலும் வைட்டமின் டி3 கலந்த கால்சியம் பொடியை வைத்து வளர்க்கிறவர்கள் உண்டு. நானே மூன்று வருடம் அப்படித்தான் வளர்த்தேன். விளக்குப் போட்ட பிறகு ஒரு வேடிக்கை பார்த்தேன். உடம்பு முழுக்கப் பொந்துக்குள், ஒரு பின்னங்கால் மட்டும் வெளியே, வெளிச்சத்தில். காரணம் எதுவோ, விளக்கை எடுக்க மனம் வரவில்லை. கண்ணாடி யுவிபியைத் தடுத்துவிடும், அதனால் விளக்கு வலைக்கு மேலேயோ உள்ளேயோ இருக்க வேண்டும். எரிந்துகொண்டே இருந்தாலும் யுவிபி தேய்ந்துவிடும் என்பதால் வருடம் ஒரு முறை மாற்றுகிறேன்.

தரைக்கு முதலில் கால்சியம் மணல். படத்தில் அழகுதான், ஆனால் எள்ளு அதை நக்க ஆரம்பித்தது. மணல் குடலில் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. அள்ளிக் கொட்டிவிட்டு ஒரு வருடம் காகிதத் துண்டு விரித்தேன். குட்டிக்கு அதைவிட நல்லது இல்லை. இப்போது சூட்டுப் பாதியில் சொரசொரப்பான தரை ஓடு, குளிர்ப் பாதியில் மண்ணும் கொஞ்சம் மணலும் கலந்த கலவை. ஓடு சூட்டைப் பிடித்து வைக்கும், நகத்தையும் தேய்க்கும். மலம் கழிக்க எள்ளு தானாகவே ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது, அங்கே ஒரு தனி ஓட்டுத் துண்டு. காலையில் எடுத்துக் கழுவ அரை நிமிடம்.

ஐந்து வருடத்தில் உண்மையாகவே தேறிய சாமான் எது என்றால், நானே ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா. உள்ளே ஈரப்பாசி. சட்டை உரிக்கும் சமயம் வந்தால் எள்ளு சாம்பல் பூசினது மாதிரி வெளுத்துப்போகும்; நேராக அந்த டப்பாவுக்குள் போய்விடும். உரித்த சட்டையைத் தானே தின்றுவிடும், தடயமே இருக்காது. ஒரு முறை நான் வெளியூர் போய்வந்ததில் பாசி காய்ந்துவிட்டது. இடது பின்னங்காலில் ஒரு விரலில் சட்டை வளையமாக ஒட்டிக்கொண்டிருந்ததை ஒரு வாரம் நான் கவனிக்கவே இல்லை. மறுபடி மறுபடி இறுக்கி, ரத்த ஓட்டம் நின்று, விரல் நுனி கறுத்து உதிர்ந்தது. மருத்துவர் திட்டவில்லை, அதுவே உறுத்தியது. இப்போது ஒவ்வொரு சட்டைக்கும் பிறகு எல்லா விரல்களையும் எண்ணிவிடுவேன். முழுசாக இருந்தால் இருபது. எங்கள் கணக்கு பத்தொன்பது. ஏதாவது ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் நனைய கால் மணி நேரம், அப்புறம் ஈரப் பஞ்சுக் குச்சியால் மெல்ல உருட்டினால் வந்துவிடும்.

சாப்பாடு பூச்சி மட்டுமே. காய்கறி, பழம் இதற்கு ஆகாது. குட்டியாக இருந்தபோது தினமும், இப்போது இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை. பூச்சியின் அகலம் பல்லியின் இரு கண்களுக்கு இடையே உள்ள தூரத்தைத் தாண்டக் கூடாது. கிரிக்கெட் பூச்சி, டூபியா கரப்பான், மீல்வோர்ம் மாறி மாறி. கொடுப்பதற்கு முந்தின நாள் பூச்சிக்குக் கேரட்டும் கீரையும் போட்டுவிடுவேன். கொடுக்கும்போது கால்சியம் பொடியில் புரட்டல், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மல்டிவைட்டமின். தின்னாத கிரிக்கெட்டுகளைத் தொட்டிக்குள் விட்டுவைக்காதீர்கள், அவை தூங்கும் பல்லியைக் கடிக்கும். வேக்ஸ்வோர்ம் என்ற கொழுத்த புழுவைச் செல்லம் கொடுத்துப் பழக்கிவிட்டு, ஒரு மாதம் வேறு எதையும் தொடாமல் முகம் திருப்பிக்கொண்ட கதை தனி. பிடிவாதத்தில் ஜெயித்தது நான்தான், ஆனால் சுலபமாக இல்லை.

குளிர் மாதங்களில் அதுவாகவே சாப்பாட்டைக் குறைக்கும். முதல் முறை பதறி மல மாதிரியைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். ஒட்டுண்ணி எதுவும் இல்லை. இப்போது வாலைப் பார்ப்பேன். கொழுப்பெல்லாம் வாலில்தான் சேமிப்பு. வால் கழுத்தளவு தடிமனாக இருந்து எடையும் நிலையாக இருந்தால் விட்டுவிடுவேன். வால் மெலிந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டியதுதான். அந்த வாலைப் பிடித்து மட்டும் தூக்காதீர்கள், கழற்றிவிட்டு ஓடிவிடும். திரும்ப முளைப்பது பழைய அழகில் இருக்காது.

இந்த இனம் 15, 20 வருடம் வாழும். எனக்கு இன்னும் தீராத குறை ஒன்றுதான்: தெர்மோஸ்டாட் இரவில் டிக் டிக் என்று சத்தம் போடுகிறது. சத்தமில்லாத வகையும் இருக்கிறது. ஆனால் இது ஓடிக்கொண்டிருக்கிற வரை மாற்றத் தோன்றவில்லை. டிக் கேட்காத இரவில் நான்தான் எழுந்து போய்ப் பார்க்கிறேன்.